பாலமுனை வளைவு

1979இல், பாலமுனை வீதி வளைவை நேராக்கும் பொருட்டு அளவெடுக்க வந்த பொறியியலாளர் நல்லரெத்தினத்தை வளைவோரத்து வீட்டுக்காரர் ஜவுபர் வழிமறித்தார்.

“இந்த வளைவை வெட்டாதீங்க சேர். வெள்ளைக்காரன் காலத்துக் கார் ஓட்டப்போட்டி இதாலதான் போன. எங்கட வாப்பாவும் ஓடினாரு.”

பொறியியலாளருக்கு ஆவல் மேலிட்டது. “வெண்டவரா?”

“வளைவு வரைக்கும் அவருதான் முன்னுக்கு.”

“அப்ப ஞாபகக்கல் ஒண்டு நடுவம். பாதை நேராகட்டும்.”

“கல்லு வேணாம் சேர், வளைவுதான் வேணும். வாப்பா திருப்ப ஏலாம இந்த வேலியை உடைச்சிட்டுப் போய் முற்றத்துலதான் நிண்டாரு.”

நல்லரெத்தினம் சிரித்தார். “தோத்த இடத்தையா காப்பாத்தச் சொல்றீங்க?”

“ஓம் சேர்,” என்ற ஜவுபர், வேலியருகே வெட்கத்துடன் முக்காட்டை இழுத்துவிட்ட முதியவளைக் காட்டினார். “அண்டைக்குத் தண்ணிச் செம்போட ஓடி வந்த இந்த வீட்டுப் பிள்ளைதான் எங்கட உம்மா.”

நல்லரெத்தினம் வரைபடத்திலிருந்த நேர்கோட்டை அழிக்கலானார்.