ஓக் கன்றும் பரிவட்டமும்

“தோத்துட்டா பரிவட்டம் எனக்கு. இப்பவும் அதே பேச்சுத்தானா, கங்காணி?”

“எங்க வீட்டுல எப்பவும் ஒரே பேச்சுதான், கிராணியாரே. அளக்கச் சொல்லுங்க” என்றார் கந்தசாமி, நிமிர்ந்த முதுகு வளையாமல்.

எஸ்டேட் மாரியம்மன் திருவிழாவில் முதல் பரிவட்டம் அவர் தாத்தா காலத்திலிருந்து அந்தக் குடும்பத்துக்குத்தான். அதையே பந்தயம் வைத்துவிட்டார். எல்லாம் மகள் சந்திரமதியின் படிப்பால் வந்தது.

செர்டாங் கல்லூரியில் விவசாயம் படிக்கும் அவள், போன விடுமுறையில் மலைக்காட்டு ஓக் மரத்தடியில் கொட்டைகளைப் பொறுக்கி வந்து இரண்டு மரப்பெட்டிகளில் முளைக்க வைத்தாள். வீட்டுக்குப் பின்னால் கோழிக் கொட்டகையில் நடுவே தட்டி கட்டினாள். ஒரு பெட்டிக்குமேல் இரவெல்லாம் பல்பு எரிய வேண்டும். தட்டிக்கு அப்பால் இருந்த மற்றதற்குப் பகல் வெளிச்சம் மட்டும். விளக்கு வெளிச்சம் வேரை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். பொறுப்பை அம்மா தங்கம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கல்லூரிக்குப் போனாள்.

“என் மக வெளக்கு போட்டிருக்கா. வேர் ரெண்டு மடங்கு ஓடும்” என்று கந்தசாமி தொழிலாளர் குடியிருப்பான லயம் முழுக்கச் சொல்லிவிட்டார்.

“தண்டுதான் ஓடும் லா! ராத்திரியும் வெளிச்சம் குடுத்தா வேர் சோம்பேறியாயிடும்” என்று சிரித்தார் எஸ்டேட் கணக்கெழுதும் கிராணி அமிர்தலிங்கம்.

“அப்பா, எதுன்னு பாக்கத்தானே இந்தச் சோதனையே!” என்று சந்திரமதி கடிதம் எழுதியும் பயனில்லை. பந்தயம் முடிவாகிவிட்டது.

இன்று அவள் விடுமுறைக்கு வந்திருந்தாள். கன்றுகளைப் பிடுங்கி, மண்ணைக் கழுவி, வாசலில் வரிசையாக வைத்தாள். லயமே கூடி நின்றது.

“ராத்திரியில வெளக்கு ஒழுங்கா எரிஞ்சுச்சா?” என்றார் அமிர்தலிங்கம்.

“என் ஜன்னல்லேருந்து நானே பாத்தேன். தங்கம்மா ஒரு நாள்கூடத் தவற விட்டதில்ல” என்றார் கந்தசாமி.

சந்திரமதி ஒவ்வொன்றாக அளந்தாள். நெற்றி சுருங்கியது.

“அப்பா... ரெண்டு பெட்டியும் ஒண்ணு போலவே இருக்கு. தண்டும் சரி, வேரும் சரி.”

அமிர்தலிங்கம் ஸ்கேலை வாங்கித் தாமே அளந்தார். பிறகு கீழே வைத்தார்.

“யாரும் ஜெயிக்கல. பரிவட்டம் உங்க தலையிலயே இருக்கட்டும், கங்காணி.”

கந்தசாமிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அதை வெளியே காட்டவில்லை.

“சாப்பிடாம போனா எங்க வீட்டுக்கு மரியாதை இல்ல. உள்ள வாங்க.”

சுடச்சுடச் சோறும் கோழிக்குழம்பும் வந்தன. சந்திரமதி பரிமாறியபடியே சொன்னாள்: “புஸ்தகத்துல வித்தியாசம் வரும்னுதான் போட்டிருக்கு. நம்ம மலை ஓக்குக்கு மட்டும் வெளிச்சம் ஒண்ணும் பண்ணல. வாத்தியார் அசந்துடுவாரு, அப்பா!”

“கங்காணி பரம்பரைன்னா சும்மாவா?” கந்தசாமியின் முதுகு இன்னும் சற்று நிமிர்ந்தது.

அமிர்தலிங்கம் ஒரு துண்டைக் கடித்துத் தலையாட்டினார். “கறி பஞ்சு மாதிரி இருக்கு! இந்த மலைக் குளிர்ல லயத்துல ஒரு குஞ்சும் தங்கல. உங்க வீட்டுது மட்டும் எப்படிம்மா இப்படிக் கொழுத்துச்சு?”

தங்கம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு.

“எல்லாம் அந்த வெளக்குச் சூடுதான், ஐயா. செடியும் ராத்திரியில தூங்க வேணாமா, பாவம்? பொழுது சாஞ்சதும் அதுக்கு ஒரு சாக்கைப் போர்த்திட்டு, பல்பைக் குஞ்சுக் கூடைக்கு மாத்திடுவேன்!”