மற்றும் பலர்

முதல் துரோகி கைலாசம். அதற்கப்புறம் எத்தனையோ பேர் வந்து சேர்ந்துவிட்டார்கள். ஆனாலும் அப்பாதுரையின் மனசில் முதல் இடத்தை வேறு யாராலும் பிடிக்க முடியவில்லை.

இத்தனைக்கும் இருவரும் தாமல் ஏரியில் ஒன்றாக நீச்சல் பழகியவர்கள்.

இளவட்ட வயதில் ஊருக்கு டவுன் பஸ் கேட்டு மறியல் செய்தார்கள். பஸ்ஸுக்கு முன்னால் முதலில் படுத்தவர் அப்பாதுரை. அவரைப் பார்த்துத்தான் கைலாசம் பக்கத்தில் படுத்தான்.

மறுநாள் பேப்பரில் போட்டோ வந்தது. கீழே, ‘மறியலில் கைலாசம் மற்றும் பலர்’.

பேப்பர்காரரிடம் பேர் சொன்னவனே கைலாசம்தான். பக்கத்தில் படுத்திருந்தவன் பேரைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

மறியலில் பஸ் கண்ணாடி உடைந்ததற்குக் கைலாசம் மேல் கேஸ் போட்டார்கள். “தனியா பேர் வாங்கினான் இல்ல, கேஸையும் தனியா வாங்கட்டும்” என்றார் அப்பாதுரை. அன்றோடு பேச்சு நின்றது.

பிறகு அப்பாதுரை கவர்ன்மென்ட் பஸ் டிரைவரானார். அதே ரூட். ஸ்டாப்பில் கைலாசம் நின்றால், பஸ்ஸை நாலு புளியமரம் தள்ளிப் போய்த்தான் நிறுத்துவார். கைலாசம் ஓடி வந்து ஏறுவான்.

அந்தப் போட்டோ இப்போது பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு கண்காட்சியில் மாட்டியிருக்கிறது என்று காதில் விழுந்ததுதான் தாமதம். செவிலிமேட்டிலிருந்து மனைவி அலமுவையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மூடிக்கிடந்த அரிசி மண்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் காட்சிக்கூடம் அது. சம்பள ஆள் கிடையாது. ஆளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துக்கொள்வார்கள். அன்று சத்யப்ரியா என்ற பெண்ணின் முறை.

‘நம்ம ஊருக்கு பஸ் வந்த கதை’ என்று வாசலில் பேனர். உள்ளே அந்தப் போட்டோ. அதன் கீழே ஓர் அட்டை: ‘கைலாசம் மற்றும் பலர்.’

“பாத்தியா அலமு? இங்கியும் அதையே எழுதி வெச்சிருக்காங்க!”

“மெதுவா பேசுங்க. தூக்கத்துலகூட கைலாசம், கைலாசம். என் பேரை இத்தனை தடவை சொல்லியிருப்பீங்களா?”

அப்பாதுரை சத்யப்ரியாவிடம் போனார்.

“இந்தாம்மா, இதுல முன்னால படுத்துக்கினு இருக்கிறது யாரு தெரியுமா? நான்! நான்தான் அந்தப் பலர்!”

“ஒருத்தர் எப்படிங்க பலர் ஆவாரு?” என்றாள் அலமு.

“நீ சும்மா இரு. பேரை மாத்தும்மா. இல்லன்னா இங்கியும் படுத்துடுவேன். எனக்கு ஒண்ணும் புதுசு இல்ல.”

சத்யப்ரியா அவரையும் போட்டோவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“நீங்க டிரைவர் அப்பாதுரை சாரா?”

“ஆமா.”

“ரிட்டயர் ஆயிட்டீங்களா?”

“ஆயி எவ்வளவோ காலமாச்சு.”

“பென்ஷன் வருதுங்களா?”

“மாசாமாசம் வருது. ஏம்மா, லோன் கீன் குடுக்கப் போறியா?”

“தடங்கல் எதுவும் இல்லாம வருதில்ல சார்?”

“வருதும்மா! அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?”

“அப்ப சரி சார்.”

அவள் பழைய அட்டையைப் பிய்த்து எடுத்தாள். புது அட்டையில் பெரிதாக எழுதி ஒட்டினாள்: ‘அப்பாதுரை, கைலாசம் மற்றும் பலர்.’

சண்டை இவ்வளவு சீக்கிரம் முடிந்தது அப்பாதுரைக்குப் பிடிக்கவில்லை.

“பென்ஷனை எதுக்கும்மா கேட்ட?”

“அப்பா கேக்கச் சொன்னாரு சார்.”

“யாரு உங்கப்பா?”

“கைலாசம்தான் சார். போட்டோவைக் குடுக்கறப்பவே சொன்னாரு. ‘அப்பாதுரை கண்டிப்பா வந்து கத்துவான். பென்ஷன் ஒழுங்கா வருதான்னு கேட்டுக்கோ. வந்தா பேரை எழுது. இல்லன்னா மற்றும் பலர்னே இருக்கட்டும். பழைய கேஸைக் காட்டி எவனாவது அதுல கை வெச்சிடப் போறான்’னு.”

“நான் எந்தக் கேஸுல இருக்கேன்? அது உங்கப்பன் மேல போட்ட கேஸு!”

“பேப்பர்ல வந்த பேரை வெச்சுத்தான் சார் போலீஸ் வந்துச்சாம். அதுல இருந்தது அப்பா பேரு மட்டும்தானே? நான் ஸ்கூல் போறப்பகூட அவரு கோர்ட்டுக்குப் போய்க்கினு இருந்தாரு.”

அலமு மெல்ல வாயைத் திறந்தாள்.

“ஏங்க, அப்பதானே நீங்க டிரைவர் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தீங்க? போலீஸ்காரர் வீட்டுக்கு வந்து விசாரிச்சாரே. மேல ஒரு கேஸு இருந்தாலும் வேலை கிடையாதுன்னு...”



அப்பாதுரை போட்டோவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அப்பா எதிர் டீக்கடையிலதான் இருக்காரு. கூப்பிடட்டுமா சார்?”

“வேணாம்!” அப்பாதுரையின் குரல் பழையபடி உயர்ந்தது. “எத்தனை தடவை என் பஸ்ஸுல ஓடி வந்து ஏறியிருப்பான்! மூச்சு வாங்கி முடிச்ச பிறகாவது எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னானா? அந்தப் பாக்கி இன்னும் அப்படியே இருக்குது. அவனாவே வந்து தீர்க்கணும்னு சொல்லு உங்கப்பன்கிட்ட!”