ஓய்வறையில் ஒரு திரை

வெட்கப்படுகிறவன் கையில் ஸ்டியரிங் நிற்காது என்பது உலக உண்மை. கண்டுபிடித்தவர் டிரைவர் பொம்மையன். திண்டுக்கல் டெப்போவின் ஓய்வறையில் எல்லோரும் நடு அறையில் நின்றுதான் உடை மாற்றுவார்கள். அவர் மட்டும் வீட்டிலிருந்தே காக்கியில் வந்துவிடுவார். அதைக் கடமையுணர்வு என்று சொல்லி வைத்திருக்கிறார். காலை வெயில் ஜன்னல் கம்பி வழியாக இறங்கி, மூலையில் தொங்கும் பூப்போட்ட திரையில் கோடு கோடாகக் கிடக்கிறது. புதிதாக வந்த பெண் டிரைவர் இளவேனிலுக்காகக் கட்டிய திரை. இன்றைக்கு அதைப் பிடுங்கி எறிவதென்று நேற்று டீக்கடையில் சக டிரைவர்கள் கண்ணுசாமியும் பிரபுவும் பொம்மையன் கையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறார்கள். பொம்மையன் திரையில் கை வைக்கிறார். “செத்த பொறு அப்பு, மாத்திக்கிட்டு வாரேன்” என்கிறது உள்ளேயிருந்து கண்ணுசாமியின் குரல். பக்கத்தில் பிரபு, சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறான்.

“ஏலே, சத்தியம் பண்ணுனியேடா?”

“பண்ணுனேண்ணே. உள்ள கண்ணாடி மாட்டிருக்காக.”

கண்ணுசாமி வெளியே வர, பிரபு உள்ளே போய் வர, இருவரும் பவுடர் மணக்க வெளியேறுகிறார்கள். பொம்மையன் முகத்தை இருவருமே பார்க்கவில்லை. திரை ஆடி அடங்குகிறது. கையில் மடித்த காக்கிச் சட்டையோடு இளவேனில் வாசலில் நிற்கிறாள்.

“வரிசையில நிக்கிறீங்களாண்ணே? நீங்க முதல்ல போங்க. சிறுமலை வண்டிக்கு இன்னும் நேரமிருக்கு.”

“நானா!” என்று சிரிக்கப் பார்க்கிறார். இடுப்பு சுரீரென்கிறது. மெல்ல உள்ளே போய், திரையைச் சுவர்வரை இழுத்துவிட்டு, இத்தனை வருஷம் காக்கிக்குள் யாருக்கும் காட்டாத முதுகுவலி பெல்ட்டை, ஒட்டு பிரியும் சத்தம் வெளியே கேட்காதபடி, கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றுகிறார்.