புகார் மேடம்

"இந்தாம்மா, ஒன்பதாவது," என்று புகார்ப் படிவத்தை நீட்டினாள் அந்தப் பெண்.

நூலகர் பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கினாள்.

இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் காதலிக்கும் நாவல்கள் ஒன்பது, அந்த நூலகத்தில் இருந்தன. வாங்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்று வாங்கியவள் நூலகர்தான். ஒவ்வொன்றையும் படித்து, தன் கையாலேயே மதிப்புரை அட்டை எழுதி உள்ளே செருகியிருந்தாள். தன் மதிப்புரைகள் மேல் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருந்தால் என்ன, நன்றாகத்தான் எழுதியிருந்தாள்.

அந்த ஒன்பதின் மேலும்தான் இவள் புகார் எழுதினாள். நாற்பது வயது இருக்கும். பக்கத்து நீதிமன்றத்தில் குமாஸ்தா. மதிய இடைவேளையில் வந்து மூலை நாற்காலியில் உட்காருவாள். நாலைந்து நாளில் ஒரு நாவலை முடிப்பாள். முடித்த கையோடு புகார். நூலகர் மனசுக்குள் அவளுக்கு வைத்திருந்த பெயர், புகார் மேடம்.

"பிடிக்கலைன்னா எதுக்கு மேடம் கடைசிப் பக்கம் வரைக்கும் படிக்கறீங்க?"

"படிக்காம புகார் எழுதறது தப்பில்லையா?"

நூலகர் படிவத்தைப் படித்தாள்.

'ஆட்சேபத்துக்குரிய நூல். தவிர, 140ஆம் பக்கம் வரை இருவரும் மனதைத் திறப்பதே இல்லை என்று மதிப்புரை அட்டையில் எழுதியிருப்பது தவறு. 96ஆம் பக்கத்தில், குடையை அவள் பக்கம் சாய்த்துப் பிடிக்கும்போதே இவள் சொல்லிவிடுகிறாள்.'

நூலகர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. புத்தகத்தில் குறை கண்டது போதாதென்று மதிப்புரையிலுமா? வேகமாக 96ஆம் பக்கத்தைப் புரட்டினாள். புகார் மேடம் எழுதியது சரி. அதுதான் இன்னும் எரிந்தது.

அவளுக்கு இருந்த கவலை வேறு. யாரும் எடுக்காத புத்தகங்களைக் கழித்துக்கட்டும் அதிகாரி மறுநாள் வருகிறார். இரண்டு வருஷத்தில் ஐந்து பேராவது வீட்டுக்கு எடுத்துப் போகாத புத்தகம் எடைக்குப் போய்விடும். ஒருவரே பத்து முறை எடுத்தாலும் ஒன்றுதான். ஊழியர்கள் எடுத்தால் கணக்கிலேயே வராது. இந்த விதியும், எந்த வாரம் எந்தப் பிரிவு என்ற பட்டியலும் வாசல் பலகையிலேயே ஒட்டியிருந்தன.

இந்த ஒன்பதையும் படிக்கிற பெண்கள் எத்தனையோ பேர். எல்லாரும் அங்கேயே உட்கார்ந்து படித்துவிட்டு, அலமாரியில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். எந்தப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்தாலும் நூலகத்தின் குடும்ப உறுப்பினர் அட்டையில் இருக்கிற போனுக்கு அதன் பெயரோடு குறுஞ்செய்தி போகும். அந்த போன் அப்பாவிடமோ புருஷனிடமோ இருக்கும். யார் எடுப்பார்கள்?

மறுநாள் அதிகாரி வந்தார். நூலகர் விடவில்லை.

"இதோட ஓரத்தைப் பாருங்க சார். விரல் பட்டுப் பட்டு எப்படி அழுக்காயிருக்கு. யாரும் படிக்காமலா?"

"அழுக்குக்கு நம்ம படிவத்துல கட்டம் இல்லையேம்மா," என்றார் அவர். கெட்டவர் இல்லை. சட்டப்படி நடப்பவர். "புகார் ஏதாவது இருக்கா?"

வெந்த புண்ணில் வேல். ஒளிக்கவும் முடியாது. கோப்பை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். போச்சு, இனி காப்பாற்ற வழியே இல்லை என்று அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அதிகாரி ஒன்பது படிவங்களையும் எண்ணினார். பேனாவை மூடினார்.

"இந்த ஒன்பதையும் தொட முடியாது."

"ஏன் சார்?"

"புகார் நிலுவையில இருக்கே. விசாரணை முடியற வரைக்கும் புத்தகத்தை நூலகத்தை விட்டு நீக்கக் கூடாது. படிவத்துக்குப் பின்னாடி போட்டிருக்கு, நீங்க படிச்சதில்லையா?"

"விசாரணை எப்போ சார் முடியும்?"

"ஆரம்பிச்சாத்தானே முடியறதுக்கு. விசாரணைக் குழு கூடி ஏழு வருஷமாச்சு." எழுந்துகொண்டார். "அடுத்த வாரம் அறிவியல் புத்தகங்களுக்கு வரேன்."

மதியம் புகார் மேடம் எப்போது வருவாள் என்று நூலகர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொண்டாள்.

"மேடம், உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. நீங்க எழுதின புகாராலதான் அந்த ஒன்பது புத்தகமும் தப்பிச்சுது. இனிமே யாரும் அசைக்க முடியாது."

முகம் சுருங்கும் என்று பார்த்தாள். சுருங்கவில்லை.

"அப்படியா? சரி, இதையும் கோப்புல சேர்த்துடும்மா," என்று புகார் மேடம் இன்னொரு படிவத்தை நீட்டினாள்.

'எறும்புகளைப் பற்றிய இந்த அறிவியல் நூல், பள்ளிக்கூடம் போகாதவருக்கும் புரிகிற அளவுக்கு எளிமையாக இருக்கிறது. கடுமையாக ஆட்சேபிக்கிறேன்.'

நூலகர் இரண்டாம் முறை படித்தாள். மெதுவாக நிமிர்ந்தாள்.

"மேடம்... அந்த ஒன்பதும் உங்களுக்குப் பிடிச்சுதா?"

"ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவை படிச்சேன்."

"அதை ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாமே. உங்களை நான் எப்படியெல்லாம் திட்டியிருக்கேன்."

புகார் மேடம் அவள் கையிலிருந்த படிவத்தில் விட்டுப்போன கையெழுத்தைப் போட்டாள்.

"பிடிச்சிருக்குன்னு சொன்னா அஞ்சு பேர் சொல்லணும், அந்த தைரியம் இங்க யாருக்கும் இல்ல, எனக்கும்தான். பிடிக்கலைன்னு சொல்ல ஒருத்தி போதுமேம்மா."