ஏழு மணி வெளிச்சம்

அந்த அம்மாவுக்கு மறை கழண்டுதான் இருக்க வேண்டும் என்று எங்கள் ஆபீசில் எல்லோரும் முடிவு கட்டிவிட்டோம்.

பின்னே என்ன? வானத்தில் ஏதோ வெளிச்சம் தெரிகிறது என்று ஒரு தடவை போன் பண்ணலாம். பயந்த சுபாவம் என்றால் மூன்று தடவை பண்ணலாம். ஐந்து மாதத்தில் நூற்றுப் பன்னிரண்டு தடவையா?

எங்களுடையது வானிலை ஆபீஸ். மேலே காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, என்ன வேகம் என்று பார்ப்பதற்காகத் தினமும் பொழுது சாய்ந்ததும் ஒரு பலூன் விடுவோம். இருட்டில் அது எங்கே போகிறது என்று தெரிய வேண்டுமே, அதனால் அடியில் ஒரு குட்டி விளக்கைக் கட்டி அனுப்புவோம். விவரம் தெரியாதவர்கள் பார்த்தால் அரண்டுதான் போவார்கள். அப்படி யாராவது போன் பண்ணினால், பேர், நேரம், திசை, நாங்கள் சொன்ன பதில் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுத வேண்டும் என்பது விதி.

பலூன் விடுகிறவர் எங்களில் மூத்தவர். பலூன்காரர் என்றுதான் கூப்பிடுவோம். பொய் என்றால் என்ன விலை என்று கேட்கிற ஆள். நூற்றுப் பன்னிரண்டு தடவையும் விடாமல் எழுதி வைத்திருந்தார். 'மணி ஏழு. வடக்கே வெளிச்சம். நம் பலூன் விளக்கு என்று விளக்கம் சொல்லப்பட்டது.'

அந்த நோட்டு தலைமை ஆபீசுக்குப் போனது. கையோடு ஒரு கடிதம் வந்தது. இத்தனை தடவை சொல்லியும் ஒருவருக்குப் புரியவில்லை என்றால், கோளாறு சொல்கிறவரிடம்தான். ஒரு வாரத்தில் இது நிற்காவிட்டால் அவரைப் பலூன் வேலையிலிருந்து எடுத்துவிட்டு மேஜையில் உட்கார வை என்று எனக்கு உத்தரவு. ஆபீஸ் பொறுப்பில் இருப்பவன் நான்தான்.

பலூன்காரரின் மனைவி இறந்து ஆறு மாதம்கூட முடியவில்லை. குழந்தைகளும் கிடையாது. அதற்கப்புறம் மனுஷன் யாரோடும் ஒட்டுவதில்லை. எது கேட்டாலும் தலையாட்டல்தான். அந்தப் பலூன் ஒன்றுதான் அவரை நடமாட வைத்திருந்தது. அதையும் பிடுங்கிக்கொண்டால் அவ்வளவுதான், ஆளே உடைந்து போய்விடுவார்.

'இனி போன் செய்ய மாட்டேன்' என்று ஒரு தாளில் டைப் அடித்து எடுத்துக்கொண்டு நானே அந்த அம்மா வீட்டுக்குக் கிளம்பினேன். ஆபீசுக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி, மாடியில் ஒற்றை அறை. ஜன்னலோரம் தையல் மிஷின். அந்த அம்மா மறை கழண்டவராகத் தெரியவில்லை. கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு ஒரு சட்டைக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தார்.

நான் உட்காரக்கூட இல்லை. கடிதம் வந்ததைச் சொன்னேன், கொஞ்சம் கடுமையாகவே பேசினேன்.

"ஒரு நல்ல மனுஷனோட வேலைக்கு உலை வைக்கிறீங்கம்மா."

மிஷின் நின்றது. நிஜமாகவே அவரை மாற்றிவிடுவார்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். இன்னொரு தடவையும் கேட்டார். அப்புறம் தாளை வாங்கிப் படித்தும் படிக்காமலும் கையெழுத்துப் போட்டார்.

வந்த வேலை முடிந்தது என்று நான் வந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

"இத்தனை தடவை சொல்லியும் அது பலூன்னு உங்களுக்குப் புரியலையாம்மா?"

"முதல் நாளே புரிஞ்சிடுச்சு தம்பி."

அப்புறம் எதற்குப் பண்ணினீர்கள் என்றேன்.

"அன்னைக்கு உண்மையிலேயே பயந்துதான் பண்ணேன். பொறுமையா எல்லாம் சொன்னார். சொல்லிட்டு, 'எங்க வீட்ல இருந்து தினமும் ஏழு மணிக்கு போன் வரும்மா. லைட்டு தெரியுது, சாப்பாடு எடுத்து வைக்கவான்னு கேப்பா. அவ போய் இருபத்தஞ்சு நாளாச்சு. மணி அடிச்சதும் ஒரு நிமிஷம் அவதான்னு நெனச்சுட்டேன்'னார். அப்புறம் போனை வைக்க மறந்துட்டார்."

தாளை மடித்து என்னிடம் நீட்டினார்.

"அவர் அழுறது கேட்டுட்டே இருந்துச்சு. எனக்கும் வைக்க மனசு வரல."

தினமும் ஐந்து மணிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிற ஆள் நான். ஏழு மணிக்கு அவர் மனைவி போன் பண்ணுவார் என்பதே எனக்குத் தெரியாது. பன்னிரண்டு வருஷமாக ஒரே ஆபீஸ்.

அந்த அம்மா மறுநாளும் பண்ணினாராம். ஒரு வெளிச்சம் தெரியுதுங்க என்றாராம். அது பலூன்தாம்மா என்று பலூன்காரர் முதலிலிருந்து ஆரம்பித்தாராம். முடிவில் இவர் சாப்பிட்டீங்களா என்று கேட்டால் அவர் இனிமேதான் என்பாராம். ஐந்து மாதமும் பேச்சு அவ்வளவுதான்.

"மேகம் மறைச்ச நாள்ல பண்ண மாட்டேன்" என்றார். "தெரியாத லைட்டைத் தெரியுதுன்னு அவர்கிட்ட பொய் சொல்லக் கூடாதுல்ல."

கையிலிருந்த தாளை என்ன செய்வதென்றே தெரியவில்லை. கிழித்துப் போடலாம் என்றால், இன்றைக்கு இந்த அம்மா போன் பண்ணினால் பலூன்காரர் அதையும் நோட்டில் எழுதிவைப்பார்.

அந்த அம்மா திரும்பவும் மிஷினில் உட்கார்ந்தார். ஊசியில் நூல் கோர்க்கப் பார்த்தார். இரண்டு தடவை தவறிப் போனது. விட்டுவிட்டு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார்.

"இன்னைக்கு மேகமே இல்லையே தம்பி. ஏழு மணிக்கு அவருக்கு யார் போன் பண்ணுவா?"