கச்சேரி வாசலில் செருப்பு

அரங்கத்து வாசலில் குழல்விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கிறது. கல்வராயன் மலையிலிருந்து கட்டட வேலைக்கு இறங்கி வந்து கள்ளக்குறிச்சியிலேயே தங்கிவிட்ட வெள்ளச்சி, ஊக்குக் குத்திய தன் செருப்பைப் படியோரம் கழற்றி வைக்கிறாள். மலையில் மேளம் கேட்பதென்றால் கோயில்தான். "எல்லாரும் செருப்போடதாம்மா போறாங்க, மானத்த வாங்காத" என்று பல்லைக் கடிக்கிறாள் ஏழாவது படிக்கும் மகள் மல்லிகா. "வாசிக்கிற எடத்துக்கு செருப்போடயா? இன்னாடி நீ!" உள்ளிருந்து யாரோ சிரிப்பது கேட்கிறது. அப்போது, இடஒதுக்கீடு கேட்டு நடக்கும் மறியலில் சாலைக்குக் குறுக்கே வெட்டிச் சாய்த்த மரங்களைத் தாண்டி நடந்தே வந்த, இன்று வாசிக்கவிருக்கும் வயலின்கார அம்மாள், பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி படியேறுகிறார். புழுதி படிந்த செருப்பை வெள்ளச்சியின் செருப்புக்குப் பக்கத்தில் கழற்றிவிட்டு உள்ளே போகிறார். சற்று நேரத்தில் சுருதி சேர்க்கும் ஒலி எழுகிறது. மல்லிகாவின் தோள்கள் தளர்கின்றன. தன் செருப்பை அந்த இரண்டு ஜோடிக்கும் நடுவில் விட்டுவிட்டு, அம்மாவை முந்திக்கொண்டு உள்ளே ஓடுகிறாள்.