அடிபட்ட மீன்

வெள்ளாட்டு முடியைத் தூண்டில்முள்ளில் வைத்து, வெள்ளி ஜரிகை சுற்றி, கண்ணுக்குப் பாசிமணி ஒட்டி, மீனவன் தொம்மை ஒரு பொய்மீனைக் கட்டியிருந்தான். அடிபட்ட சாளை மீனைப் போல அது தண்ணீரில் விந்தி விந்திப் போகும். பெரிய மீனுக்கு அடிபட்டதுதானே முதலில் கண்ணில் படும். அந்த நடிப்பில் பொய்மீனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அன்று அது நிஜச் சாளைக் கூட்டத்தின் ஓரத்தில் போய் விழுந்தது. விழுந்ததுமே விந்தத் தொடங்கியது.

“என்னப்பா, அடி பலமா?” என்று ஒரு சாளை பக்கத்தில் வந்தது.

“ஆமாக்கா,” என்றது பொய்மீன், பழக்கதோஷத்தில்.

“அப்ப ஓரத்துல நிக்காத. நீ உள்ள வா, நான் வெளிப்பக்கம் வர்றேன்.” சொன்னபடியே சாளை இடம் மாறிக்கொண்டது.

தூரத்தில் ஒரு பெரிய சீலா மீன் அந்த விந்தலைப் பார்த்துத் திரும்பியது. நேராக வந்தால் அதன் வாயில் முதலில் அகப்படப்போவது வெளிப்பக்கம் நிற்கிற அந்தச் சாளைதான் என்று பொய்மீனுக்குப் புரிந்தது. சீலா வந்தால் எப்போதும் சந்தோஷப்படுகிற அது இன்று விந்துவதை நிறுத்தியது. முடியையெல்லாம் உடம்போடு ஒடுக்கிக்கொண்டு ஊசி போல நேராக நீந்தியது. அடிபட்டது எது என்று தெரியாமல் சீலா ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வேறு பக்கம் போய்விட்டது.

தொம்மை தூண்டிலை இழுத்து, பொய்மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “நேத்து வரைக்கும் நல்லாத்தானே விந்திக்கிட்டு இருந்த?” என்றபடி, முடியை வெட்டிச் சரிசெய்யக் கத்தரிக்கோலைத் தேடினான்.

படகுக்குக் கீழே சாளைக் கூட்டம் நகராமல் நின்றது.

“கொஞ்சம் பொறுங்க,” என்று அந்தச் சாளை மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தது. “அடிபட்ட பிள்ளை ஒண்ணு வரணும்.”